கையில் 45,000 ரூபாய், கட்டிலுக்கடியில் 108 டி-ஷர்ட்: சின்ன பட்ஜெட்டில் துணி பிராண்டு தொடங்கப்போறீங்களா?

எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில் மூணு அட்டைப்பெட்டி ரொம்ப நாள் இருந்தது. உள்ளே 108 டி-ஷர்ட். எல்லாம் புதுசு, கவர்கூடப் பிரிக்காதது. வீடு கூட்டும்போதெல்லாம் அம்மா அதை ஒரு பக்கமா இழுத்து, கூட்டிட்டு, திரும்பத் தள்ளி வைப்பாங்க. ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஏன்னா அந்த டி-ஷர்ட்டுக்கான பணத்தில் பாதி அவங்க செயினை அடகு வெச்சு எடுத்தது.

ஊர் பாலசமுத்திரம். பழனிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன பேரூராட்சி. தாராபுரம் வழியா பஸ் பிடிச்சா திருப்பூர் எட்டிடலாம். இந்தப் பக்கம் திண்டுக்கல், அதைத் தாண்டினால் சின்னாளபட்டி. ஒரு பக்கம் பனியன் ஊர், இன்னொரு பக்கம் சேலை ஊர். நடுவில் உட்கார்ந்துக்கிட்டு துணி வியாபாரம் பண்ணலைன்னா எப்படின்னு தோணும்ல? எனக்கும் 2022-ல் அப்படித்தான் தோணுச்சு.

என்ன பண்ணினேன்னு கணக்காகவே சொல்றேன். ரெண்டு டிசைன். நாலு கலர். எஸ், எம், எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல்னு அஞ்சு சைஸ். மொத்தம் 200 பீஸ். ஒரு பீஸ் அடக்கம் 190 ரூபாய், ஆக 38,000. லோகோ, லேபிள், கவர், அது இதுன்னு 7,000. கையில் இருந்த 45,000 சுத்தமா காலி.

இப்போ வகுத்துப் பாருங்க. 2 டிசைன் × 4 கலர் × 5 சைஸ் = 40 வகை. 200 பீஸை 40 வகைக்குப் பிரிச்சா, வகைக்கு அஞ்சே பீஸ். அதாவது, நான் ஒரு பிராண்டு ஆரம்பிக்கலை. அஞ்சு அஞ்சு பீஸ் உள்ள 40 குட்டிக் கடை ஆரம்பிச்சிருக்கேன்!

கறுப்பு எம், கறுப்பு எல் மூணே வாரத்தில் தீர்ந்தது. 'அண்ணா, பிளாக்ல எல் இருக்கா?'ன்னு அப்புறமும் மெசேஜ் வந்துக்கிட்டே இருந்தது. இல்லை. திரும்ப அடிக்கலாம்னா பணம் இல்லை. பணமெல்லாம் கடுகு மஞ்சள் கலரில், எஸ் சைஸில் பெட்டிக்குள்ளே இருக்கு. ஆறு மாசத்தில் 92 பீஸ் போச்சு. 399 ரூபாய், டெலிவரி இலவசம். கூரியரும் கவரும் போக பீஸுக்கு 319 நின்னது. மொத்தம் 29,000 சொச்சம். மிச்சம்தான் அந்த 108.

துணி சரியில்லையா? நல்ல துணி. தையல்? அதுவும் சுத்தம். டிசைனை நாலு பேர் பாராட்டினாங்க. சின்ன பட்ஜெட்காரரைக் கவிழ்க்கிறது பெரும்பாலும் இதெல்லாம் இல்லை. விக்காத சைஸ்தான்.

'எத்தனை பீஸுங்க தம்பி?'

திருப்பூரில் எந்த யூனிட் படியேறினாலும் முதல் கேள்வி இதுதான். இந்த ஊர் எப்படி ஓடுதுன்னு புரிஞ்சா அந்தக் கேள்வியும் புரியும்.

ஒரு பனியன் ஒரே கூரைக்குக் கீழே உருவாகிறதா நாம நினைக்கிறோம். திருப்பூரில் அப்படிப் பண்ணுகிற பெரிய கம்பெனிகளும் உண்டு. ஆனால் ஊரின் முதுகெலும்பு ஜாப் ஒர்க்தான். நூலை வாங்கி ஒருத்தர் துணியா பின்னுவார். அது சாயப்பட்டறைக்குப் போகும். அங்கிருந்து காம்பாக்டிங். கட்டிங் ஓரிடம், பிரின்ட்டிங் இன்னோரிடம், பவர்டேபிள் போட்டுத் தைக்கிறவர் வேறொருத்தர். செக்கிங், அயர்ன், பேக்கிங் தனி. சொந்தமா ஒரு மெஷின்கூட இல்லாமல், துணியை ஒவ்வொரு வாசலாகக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கியே 'ஓனர்' ஆனவங்க அந்த ஊரில் உண்டு. தொழிலாளியா இருந்தவங்க பங்கு சேர்ந்து முதலாளியான இந்தக் கதையை ஷரத் சாரி என்கிற ஆய்வாளர் 'ஃப்ரெட்டர்னல் கேபிடல்' என்று 2004-ல் ஒரு புத்தகமாகவே எழுதியிருக்கார்.

நமக்கு இது வரம். மெஷின் வாங்க வேண்டாம், ஷெட் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு குறைந்தபட்ச அளவு இருக்கும். அதுவும் சாயத்தில் ரொம்பக் கறார். சாயம் போடுறது ஒரு மெஷின் கொள்ளளவுக்கு ஒரு லாட். அஞ்சு கிலோவுக்காக அதை ஓட்ட மாட்டாங்க. போதாததுக்கு, நொய்யல் மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது ஞாபகம் இருக்கலாம். கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியேவிடாமல் சுத்திகரிக்கணும்கிற நிபந்தனையோடதான் அந்தத் தொழில் இன்னைக்கு நடக்குது. அந்தச் செலவும் சாயக் கூலியில் இருக்கு. அது நியாயமான செலவு. ஆத்துக்குப் பதிலா நாம கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

அதனால் 'எனக்குன்னு ஒரு தனி கலர்' என்கிற ஆசையை முதல் வருஷம் மறந்துடுங்க. ரெடி ஸ்டாக்கில் இருக்கும் கலரை எடுங்க. கறுப்பு, வெள்ளை, நேவி எப்பவும் கிடைக்கும். காதர்பேட்டை மொத்த மார்க்கெட்டில் எக்ஸ்போர்ட் மிச்சத் துணியும் ரெடிமேடும் மலிவா கிடைக்கும். ஆனால் இன்னைக்குப் பார்த்த அதே துணி அடுத்த மாசம் கிடைக்காது. ஒரு தடவை வித்து முடிக்கிறதுக்கு அது ஓகே. 'என் பிராண்டு டி-ஷர்ட்னா இப்படித்தான் இருக்கும்'னு பேர் வாங்க அது உதவாது.

சைஸே இல்லாத துணி

சைஸ்தான் வில்லன்னா, சைஸே இல்லாத பொருளில் ஆரம்பிச்சா என்ன?

இது ஒண்ணும் புது ஐடியா இல்லை. திருப்பூரில் 1983-ல் கே.ஆர்.நாகராஜன் தொடங்கிய ராம்ராஜ் காட்டனை எடுத்துக்கங்க. ஆரம்பிச்சது வேட்டியில். நாலு முழம், எட்டு முழம்னு ரெண்டு வகையில் ஊரையே அளந்துடலாம். ஒல்லியா இருக்கிற மாப்பிள்ளையும் கட்டலாம், தொப்பை வெச்ச மாமாவும் கட்டலாம். சட்டையும் பனியனும் பின்னாடி வந்தவை. கடல் தாண்டிப் போனாலும் இதே கதைதான். ஜாரா தெரியும்ல? அதோட அமான்சியோ ஒர்த்தேகா 1963-ல் ஸ்பெயினின் லா கொருன்யாவில் சின்ன பட்டறை வெச்சுத் தைக்க ஆரம்பிச்சது வீட்டில் போடுற குளியல் அங்கி. நம்ம ஊர் கணக்கில் சொன்னா கிட்டத்தட்ட நைட்டி! முதல் ஜாரா கடை 12 வருஷம் கழிச்சு, 1975-ல்தான் வந்தது.

எங்க பக்கத்துக்கு இதில் மூணு வழி இருக்கு. வேட்டி, சேலை, நைட்டி.

சேலைன்னா சின்னாளபட்டி. தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த ஊர். காட்டன், சுங்குடி டிசைன், செயற்கைப் பட்டுன்னு பல விலையில் சரக்கு கிடைக்கும். அஞ்சரை மீட்டர் சேலை, பிளவுஸ் துணியோட சேர்த்தா ஆறேகால் மீட்டர் பக்கம் வரும். எந்த உடம்புக்கும் ஒரே அளவு. 20 சேலை வாங்கினா 20 சேலையும் யாருக்கு வேணும்னாலும் போகும். ஒரு டிசைனில் ஒண்ணே ஒண்ணு எடுத்து, போட்டோ போட்டு, வித்ததும் அடுத்தது எடுக்கலாம். வாங்கும்போதே ஒரு கேள்வி கேட்டு வெச்சுக்கங்க: 'போகாததை மாத்திக் கொடுப்பீங்களா?' சிலர் சரின்னு சொல்வாங்க. விலையில் பத்து ரூபாய் குறைக்கிறதைவிட இந்தச் 'சரி' பெருசு.

இங்கே ஒரு எச்சரிக்கை. முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, முடிச்சை அவிழ்த்துப் புள்ளி வரவைக்கிறது அசல் சுங்குடி. 'மதுரை சுங்குடி'க்குப் புவிசார் குறியீடு இருக்கு. மெழுகு பிரின்ட்டிலும் ஸ்கிரீன் பிரின்ட்டிலும் அதே புள்ளியைக் கொண்டுவரலாம். பார்க்கவும் அழகாத்தான் இருக்கும். ஆனால் அதை 'கையால் முடிச்சுப் போட்டது'ன்னு எழுதி விக்காதீங்க. விசைத்தறியில் நெய்ததை 'கைத்தறி'ன்னு சொல்றதும் அதே ரகம்தான். கைத்தறிக்குன்னு 2006-லேர்ந்து தனி முத்திரையே இருக்கு. பிரின்ட்டை பிரின்ட்னே சொல்லி விக்கலாம். வாங்குறவங்க அதுக்கும் இருக்காங்க.

நைட்டியை யாரும் 'பிராண்டு'ன்னு மதிக்கிறதில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. எங்க தெருவில் காலையில் வாசல் தெளிக்கிற எல்லாரும் போட்டிருக்கிறது நைட்டிதான். ஆனால் பாக்கெட் வெச்ச நைட்டி கேட்டுப் பாருங்க, எத்தனை கடையில் கிடைக்குதுன்னு. போன் வைக்க ஒரு ஆழமான பாக்கெட், சாயம் போகாத காட்டன், பால் கொடுக்கிற அம்மாக்களுக்கு மறைவா ஜிப், இந்த மூணை மட்டும் ஒழுங்கா செஞ்சாலே வாய் வார்த்தையில் வியாபாரம் நடக்கும். ஒரு நைட்டிக்கு மூணு மீட்டர் சுமார் துணி. எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல்னு ரெண்டே அளவு போதும். 'ஃப்ரீ சைஸ்'னு மொட்டையா எழுதாதீங்க. மார்பளவு, உயரம் ரெண்டையும் இன்ச்சில் போடுங்க.

தைக்கிறதுக்குத் திருப்பூர் போக வேண்டாம். தெருவுக்கு ஒரு தையல் அக்கா இருப்பாங்க. அவங்ககிட்ட 'பீஸுக்கு இவ்வளவு தர்றேன்'னு ஆரம்பிக்காதீங்க. 'உங்களுக்கு எவ்வளவு கட்டுப்படியாகும்கா?'ன்னு கேளுங்க. ஒரு நாளைக்கு எத்தனை தைக்க முடியும்னும் கேளுங்க. ரெண்டையும் பெருக்கினா அவங்க தினக்கூலி தெரிஞ்சிடும். அந்தத் தொகைக்கு நீங்க ஒரு நாள் உட்கார்ந்து தைப்பீங்களான்னு யோசிச்சுக்கங்க. கூலியைக் குறைச்சு வாங்கினா, தீபாவளி நேரத்தில் உங்க வேலையைத்தான் அவங்க கடைசியில் எடுப்பாங்க. நான் பட்டிருக்கேன்.

தைப்பூசம் சொல்லிக்கொடுத்த பாடம்

எனக்கு டி-ஷர்ட்தான் வேணும், அதில்தான் ஆர்வம்னு சொல்றீங்களா? அதுக்கும் வழி இருக்கு. எனக்கு அது வீட்டு வாசலிலேயே நடந்துபோச்சு.

தை மாசம் பழனி ரோட்டில் நின்னா தெரியும். பச்சையும் காவியுமா ஜனம் நடந்துவந்துக்கிட்டே இருக்கும். அதில் பல குழுவினர் ஒரே மாதிரி பனியன் போட்டிருப்பாங்க. முதுகில் ஊர் பேர், குழு பேர், எத்தனையாவது வருஷ பாதயாத்திரைன்னு அச்சடிச்சிருக்கும். கட்டிலுக்கடியில் 108 டி-ஷர்ட்டை வெச்சுக்கிட்டு நான் அதைப் பார்த்து நின்னேன். இவங்க 40 பேரும் காசு கொடுத்து வாங்கினவங்க. தைக்கிறதுக்கு முன்னாடியே இவங்க சைஸ் தெரியும். கலர் தெரியும். ஒரு பீஸ்கூட மிச்சம் ஆகாது.

முன்கூட்டியே ஆர்டர் வாங்கித் தைக்கிறதில் பணம் எப்படி ஓடும்னு பாருங்க. இதில் வர்ற விலையெல்லாம் உதாரணத்துக்குத்தான். நூல் விலை ஏறி இறங்கும், நீங்க போகிற அன்னைக்கு விசாரிச்சுக்கங்க.

ஒரு டி-ஷர்ட் அடக்கம் 213 ரூபாய்னு வைங்க. குழுவுக்கு விலை 300. 40 பீஸ் = 12,000. ஆர்டரோட 60 சதவீதம் அட்வான்ஸ் = 7,200. தயாரிக்க ஆகும் மொத்தச் செலவு 8,520. ஆக, உங்க கையிலிருந்து போடுற பணம் 1,320 ரூபாய் மட்டும்! சரக்கு கொடுத்துப் பாக்கி 4,800 வாங்கினதும், 3,480 மிச்சம். பெரிய தொகை இல்லைதான். ஆனால் யார் செயினும் கடைக்குப் போகலை. இதே மாதிரி காலேஜ் டிபார்ட்மென்ட், கபடி டீம், கோயில் திருவிழா இளைஞர் குழு, கல்யாணத்தில் மாப்பிள்ளை நண்பர்கள்னு கேட்க ஆள் இருக்காங்க.

இதில் ரெண்டு நுணுக்கம் இருக்கு. ஒண்ணு, 'உங்க சைஸ் என்ன?'ன்னு கேட்காதீங்க. ஒரு கம்பெனி எம் இன்னொரு கம்பெனி எல். 'இப்போ போடுற பனியனைத் தரையில் விரிச்சு, ஒரு அக்குளிலிருந்து இன்னோர் அக்குள் வரை எத்தனை இன்ச்?'னு கேளுங்க. 20 இன்ச்னா சுற்றளவு 40. இது தப்பாது. ஆனாலும் எல், எக்ஸ்எல்லில் ஒவ்வொண்ணு கூடுதலா தைச்சு வெச்சுக்கங்க. கடைசி நேரத்தில் 'மச்சானும் வர்றான்'னு ஒரு போன் வரும்.

இன்னொண்ணு, தேதி. பொங்கலுக்குத் திருப்பூரில் வேலை செய்றவங்க ஊருக்குப் போயிடுவாங்க. யூனிட் மறுபடி முழுசா ஓட நாளாகும். தைப்பூசம் அதுக்குக் கொஞ்ச நாளில் வந்துடும். மார்கழி பாதியில் ஆர்டர் எடுத்தீங்கன்னா மாட்டிக்குவீங்க. கார்த்திகையிலேயே குழுத் தலைவர்களைப் பார்த்துப் பேசிடணும்.

பிரின்ட்டைப் பொறுத்தவரை, ஒரே டிசைன் 40, 50 பீஸ்னா ஸ்கிரீன் பிரின்ட் கட்டும். ஒவ்வொரு கலருக்கும் தனி ஃப்ரேம் போடுற செலவு ஒருமுறை வரும், அது எல்லா பீஸுக்கும் பிரிஞ்சிடும். அஞ்சு பத்து பீஸ்னா டி.டி.எஃப். ஃபிலிமில் அச்சடிச்சு ஹீட் பிரஸ்ஸில் ஒட்டுவாங்க, ஒரு பீஸுக்குக்கூடப் போடலாம். தொட்டா கொஞ்சம் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். வெயிலில் நடக்கிறவங்களுக்கு நெஞ்சு முழுக்க டி.டி.எஃப் போட்டுக் கொடுத்தா திட்டுவாங்க.

துணியை நம்பாதே, தராசை நம்பு

பின்னல் துணி மீட்டரில் இல்லை, கிலோவில் விக்கும். கனத்தை ஜி.எஸ்.எம்.னு சொல்வாங்க. ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம்ங்கிறதுதான் அது. நம்ம வெயிலுக்கு 160-லிருந்து 180 வசதி. ஓவர்சைஸ் டி-ஷர்ட்டுக்கு 220, 240 எடுக்கிறாங்க. கனம் கூடினால் கிலோவுக்குக் கிடைக்கிற பீஸ் குறையும். 180-ல் ஒரு எல் சைஸுக்குக் கட்டிங் கழிவோட சுமார் 220 கிராம் ஆகுதுன்னு வைங்க. கிலோவுக்கு நாலரை பீஸ்.

கடைக்காரர் 180-ன்னு சொல்றது 180-தானா? நகை எடை போடுற சின்ன டிஜிட்டல் தராசு ஒண்ணு வாங்கி வெச்சுக்கங்க. துணியில் 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரம் வெட்டி எடை போடுங்க. 1.8 கிராம் வந்தா 180 ஜி.எஸ்.எம். 1.6 வந்தா 160. அடுத்து, சுருக்கம். துணியில் 25 சென்டிமீட்டர் சதுரம் பேனாவால் வரைஞ்சு மூணு தடவை துவைச்சுக் காயவெச்சு அளங்க. 23.5 ஆகியிருந்தா ஆறு சதவீதம் சுருங்குது. அந்தத் துணியில் தைச்ச எல், ரெண்டாவது வாரம் எம் ஆயிடும். நனைச்ச வெள்ளைக் கர்ச்சீப்பால் துணியைத் தேய்ச்சா சாயம் போகுதான்னு தெரிஞ்சிடும். ஒரு நூலை உருவி, பாத்திரத்துக்கு மேலே பிடிச்சு, பத்த வைங்க. காகிதம் எரிஞ்ச வாசனையும் உதிர்கிற சாம்பலும் வந்தா காட்டன். உருகி மணி மாதிரி கட்டியானா பாலியெஸ்டர் கலந்திருக்கு.

இதெல்லாம் முடிச்சதுக்கு அப்புறம்தான் மொத்தமா வாங்கணும். முதல் தடவை எனக்கு இதில் ஒண்ணுகூடத் தெரியாது. நல்ல துணி கிடைச்சது என் அதிர்ஷ்டம்.

399 ரூபாயில் உங்களுக்கு எவ்வளவு?

அடக்கம் 190, விலை 399, ஆக லாபம் 209. இப்படித்தான் நான் நோட்டில் எழுதினேன். உண்மைக் கணக்கு வேற.

துணி 110, கட்டிங்-தையல் 45, பிரின்ட் 35, லேபிள்-கவர் 10. மொத்தம் 200. நூறு பீஸில் நாலு பீஸாவது ஓட்டை, கறை, கோணல் தையல்னு கழியும்; அந்தச் சுமை மத்த 96 மேல ஏறினா 208. பஸ்ஸில் சரக்கு கொண்டுவர 5. இது 213. ஆன்லைனில் விக்கணும்னா கூரியர் 60. விளம்பரத்துக்கு ஒரு பீஸுக்கு 40. அப்புறம், கேஷ் ஆன் டெலிவரி. நூறு பார்சலில் 15 திரும்பி வந்தா, போக வர 120 வீதம் 1,800 ரூபாய் தண்டம். வித்த 85 பீஸுக்குப் பிரிச்சா 21. இதுவரை 334. ஜி.எஸ்.டி. பதிவு இருந்தா 399-க்குள்ளே 5 சதவீத வரி 19 ரூபாய். கையில் நிக்கிறது 46 ரூபாய்! (துணி வாங்கும்போது கட்டிய வரியைக் கழிச்சுக்கலாம், கொஞ்சம் கூடும்.) விலையை 499 வெச்சா அதே கணக்கில் 141.

நூறு ரூபாய் ஏத்தினா விக்காதுன்னு பயம் இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் 399-க்கு விக்கிற பெரிய கம்பெனியோட நாம விலையில் மோத முடியாது. அவங்க லட்சக்கணக்கில் தைக்கிறாங்க. நம்மகிட்ட வாங்குறவங்க வேற ஏதோ காரணத்துக்காக வாங்குறாங்க. அந்தக் காரணத்தைத் தேடுறது விலையைக் குறைக்கிறதைவிட நல்ல வேலை.

கேஷ் ஆன் டெலிவரி கேட்டா, நூறு ரூபாய் மட்டும் முன்கூட்டி ஜிபே பண்ணச் சொல்லுங்க. நிஜமா வேணும்கிறவங்க அனுப்பிடுவாங்க.

பேப்பர் வேலை

பயப்படுகிற அளவுக்கு இல்லை. பொருள் விக்கிறவங்களுக்கு வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. ஆனால் தமிழ்நாட்டுக்கு வெளியே சரக்கு அனுப்பினா அந்தச் சலுகை கிடையாது. பெங்களூரு கஸ்டமர் ஒருத்தர் கேட்டாலும் பதிவு வேணும். மீஷோ மாதிரி தளங்களில், மாநிலத்துக்குள்ளே மட்டும் விக்கிற சின்ன வியாபாரிகள் ஜி.எஸ்.டி. பதிவுக்குப் பதிலா ஒரு என்ரோல்மென்ட் நம்பர் வாங்கி விக்கலாம். 2023 அக்டோபரில் வந்த மாற்றம் இது. துணிக்கான வரியும் 2025 செப்டம்பர் 22-லிருந்து மாறிடுச்சு. பீஸ் 2,500 ரூபாய் வரைக்கும் 5 சதவீதம், அதுக்கு மேலே 18.

உத்யம் பதிவு இலவசம். ஆதார் வெச்சு அரசு போர்ட்டலில் நீங்களே பண்ணிக்கலாம். 'பண்ணித் தர்றோம், 2,000 ரூபாய்'னு கூகுளில் முதலில் வர்ற தளங்களுக்குப் போகாதீங்க. பேருக்கு டிரேட்மார்க் வாங்கணும்னா ஆடைகள் 25-ஆம் வகுப்பில் வரும், தனிநபருக்கு ஆன்லைன் கட்டணம் 4,500. முதல் மாசமே கட்டணும்னு இல்லை. ஆனால் அதே பேரில் வேற யாராவது இருக்காங்களான்னு டிரேட்மார்க் தளத்தில் இலவசமா தேடிப் பார்த்துட்டு லேபிள் அடிங்க. லேபிளில் சைஸ், அதிகபட்ச விலை, உங்க பேர், முகவரி, தொடர்பு எண் இருக்கணும்.

கடன்? முத்ராவில் 'சிசு' பிரிவில் 50,000 வரை அடமானம் இல்லாமல் கிடைக்கும். திண்டுக்கல் மாவட்டத் தொழில் மையத்தில் மானியத் திட்டங்களையும் விசாரிக்கலாம். என் கருத்து, முதல் சரக்கைக் கடன் வாங்கிப் போடாதீங்க. வித்துத் தீர்ந்து, கஸ்டமர் திரும்பக் கேட்டு, கையில் பணம் பத்தாமல் நிக்கிறீங்க பாருங்க, அப்போ வாங்குங்க. அந்தக் கடன் எப்படி அடையும்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

இன்னைக்கு யாராவது 45,000 ரூபாயோட வந்து கேட்டா நான் இப்படித்தான் பிரிப்பேன். 15,000 முதல் சரக்கு. ஒரே பொருள், அதிகபட்சம் ரெண்டு கலர். 5,000 சாம்பிளுக்கும் துவைச்சுப் பார்க்கிறதுக்கும் லேபிளுக்கும். 5,000 விளம்பரம், கூரியர். மிச்சம் 20,000-ஐத் தொடக் கூடாது. முதல் சரக்கில் எது சீக்கிரம் போகுதோ, அதை மட்டும் திரும்ப வாங்க அந்தப் பணம். 'கறுப்பில் எல் இருக்கா?'ன்னு மெசேஜ் வரும்போது என்கிட்ட இல்லாமல்போனது அதுதான்.

அம்மா செயினை மீட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. பாதயாத்திரை பனியன், கபடி டீம் பனியன் ஆர்டரில் வந்த காசுதான். மூணு பெட்டி ஒரு பெட்டி ஆயிடுச்சு. உள்ளே இன்னும் கொஞ்சம் இருக்கு. கடுகு மஞ்சள், எஸ் சைஸ். பழனிப் பக்கம் வந்தா சொல்லுங்க, ஒண்ணு சும்மாவே தர்றேன்.